நீ அனுப்பிய கொட்டேஷனைப் பற்றி

தக்கலை

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கடைக்காரரின் கொட்டேஷனை (விலைப் பட்டியலை) நிதானமாகப் படித்துப் பார்த்தேன். உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த 60,000 ரூபாய்க்குள் கேம் விளையாட ஒரு டெஸ்க்டாப் வாங்க நினைக்கிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். பகல் முழுவதும் வேலை பார்க்கிறவளுக்கு மாலையில் விரும்பியதைச் செய்ய ஒரு நல்ல இயந்திரம் இருக்கட்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் கடைகளுக்குப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மக்களே: அந்தப் பட்டியலில் உள்ளதை அப்படியே வாங்காதே. ‘கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேமிங் கேபினட்’ என்று தலைப்பில் போட்டிருப்பதைப் படித்தால் நிறைவாகத்தான் தோன்றும். ஆனால் உள்ளே ஐ7-2600 என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. அது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிராசசர். அதில் நான்கு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்). 2022-இல் வந்த ஐ3-12100எஃப் என்ற சின்னப் பிராசசரிலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் அருகில் நிற்க முடியாது. மேலும் இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவு உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீ தினமும் ஆடும் வேலரண்ட், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கினால்தான் திறக்கும். ஆக, நீ எந்த கேமுக்காக வாங்குகிறாயோ அதற்கே அந்த இயந்திரம் பொருந்தாது.

கிராபிக்ஸ் கார்டின் கதையும் அதுதான். பட்டியலில் உள்ள ஜிடி 730 என்பது 2014-இல் வந்த கார்டு. திரையில் படம் காட்டும், வீடியோ ஓட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 4 ஜிபி என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதே. அதில் டிடிஆர்3 என்ற பழைய நினைவகம் உள்ள மலிவான வகைக் கார்டில் அந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 14 ஜிபி தரவுதான் போய் வரும். நான் பின்னால் சொல்லப்போகும் ஆர்எக்ஸ் 6600 கார்டில் அது 224 ஜிபி. எத்தனை ஜிபி என்பதற்கு முன்னால் எந்த கார்டு, எந்த ஆண்டில் வந்தது என்று கேட்க வேண்டும்.

கேமிங் கம்ப்யூட்டருக்கு மானிட்டரிலிருந்து கணக்கைத் தொடங்குவதே முறை. 24 அங்குலம், 1080பி (1920 x 1080 பிக்சல்), ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை), 100 ஹெர்ட்ஸோ (விநாடிக்கு 100 முறை படம் மாறுவது) அதற்கு மேலோ இருந்தால் உனக்குப் போதும். 1440பி மானிட்டர் அழகாக இருக்கும். ஆனால் அதில் 1080பி-யைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு பிக்சல்கள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். மானிட்டர் முடிவானதும் அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டை எடுத்து, மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கு. பிராசசரும் மதர்போர்டும் அதற்குப் பிறகுதான். கடைக்காரர்கள் பிராசசரிலிருந்து தொடங்குவதால்தான் கார்டுக்கு வரும்போது பணம் தீர்ந்துபோய், மிஞ்சியதில் ஏதோ ஒரு கார்டைச் செருகிக் கொடுக்கிறார்கள்.

உன் தொகைக்கு ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிடைத்தால் எனக்கு நிம்மதி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேமுக்கு அதன் தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்தது ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி என்ற கார்டு; இது அதைவிட நன்றாகவே மேலே இருக்கிறது. என்விடியாதான் வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்பாய். அந்தப் பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒரே சிப் அமைப்பு அல்ல, 6 ஜிபி கார்டு வலுவில் குறைந்தது. அது 70 வாட்டில் ஓடுவதால் தனி மின்கேபிள் வேண்டாம் என்பது மட்டும் அதன் நன்மை. அலுவலகத்திலிருந்து கழித்த பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கேமுக்கு மாற்றுகிறவர்களுக்கு நம் கம்ப்யூட்டர் கடையில் நான் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். செகண்ட் ஹேண்ட் கார்டு வேண்டாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வாரண்டி பில் இல்லாமல் கையில் கொடுக்கும் கார்டின் கடந்த காலம் நமக்குத் தெரியாது.

பிராசசருக்கு ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600 எடு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பெட்டிக்குள்ளேயே கூலரும் வரும். பணம் இடித்தால் ஐ3-12100எஃப் போதும். பிராசசரில் ஒரு படி இறங்கினாலும் கார்டில் இறங்காதே. ஏஎம்டி-யின் புதிய பிராசசர்களுக்காக 2022-இல் வந்த ஏஎம்5 வகை மதர்போர்டை எடுத்தால் பின்னால் மாற்றிக்கொள்ள வழி அதிகம் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும், போர்டும் விலை கூடும், அந்தக் கூடுதல் தொகை உன் கார்டிலிருந்துதான் பிடுங்கப்படும். 5600 பொருந்தும் ஏஎம்4 போர்டே எடு. 5600-இலும் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல்லிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும். கார்டில்தான் செருக வேண்டும்.

ரேம் 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டு இரண்டாக வாங்கி, மதர்போர்டு புத்தகத்தில் காட்டியிருக்கும் இரண்டு ஸ்லாட்டுகளில் போடு. ஒரு மடையில் பாயும் தண்ணீரை இரண்டு மடை திறந்து வயலுக்கு விடுவது போன்றது அது. பிறகு பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள்) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் 3200 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அசெம்பிள் செய்து கொடுப்பவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, என்விஎம்இ என்ற வேகமான வகையாக இருக்கட்டும். ரெட் டெட் ஒன்றே 150 ஜிபி கேட்கும் என்பதால் முடிந்தால் 1 டிபி.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கொட்டேஷனில் இதற்குப் பெயரே இல்லை, வெறும் ‘450 வாட்’ என்று இருக்கிறது; அதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்த எஸ்எம்பிஎஸ் ஆனாலும் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைத் திருப்பிப் பார். அதில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த வரிசையிலிருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் பன்னிரண்டால் பெருக்கு: 192 வாட். பெட்டியின் மேல் 450 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் உன் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 தனியாகவே 132 வாட் எடுக்கும். நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும்; மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரையும் இருக்கட்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டு, பல நாள் கழித்து மின்சாரம் திரும்பி வந்தபோது, குளச்சல், மண்டைக்காடு, முட்டம் பக்கமிருந்து நிறையக் கம்ப்யூட்டர்கள் நம் கடை மேசைக்கு வந்தன. நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டிருந்தவற்றில் பெரும்பாலும் அது மட்டும்தான் போயிருந்தது. மாற்றிக் கொடுத்ததும் ஓடின. பெயரில்லாதது போட்டிருந்தவற்றில் அது போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், விளக்கு எரியும் ஃபேனை விட்டுவிடு, கண்ணாடிக் கேபினட்டை விட்டுவிடு, இதில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே.

உன் அறையில் பிளக் பாயின்டுக்கு எர்த் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு. கேபினட்டைத் தொட்டால் விறுவிறுவென்று இழுத்தால் எர்த் இல்லை என்று பொருள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (சதுர அலை மின்சாரம் தரும்) வகையாக இருந்தால் இந்த வகை எஸ்எம்பிஎஸ் சில வேளைகளில் அதில் நிற்காது, எனவே தனியாக ஒரு யூபிஎஸ் வேண்டும். 600 விஏ என்றால் 360 வாட் அளவில்தான் தாங்கும். 1,000 விஏ எடுத்தால் கேமைச் சேமித்து நிதானமாக அணைக்க நேரம் கிடைக்கும். ஐப்பசி இடிமழையில் யூபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிடு. இன்டர்நெட் கேபிளையும்.

நீ இருப்பது திருவான்மியூர், கடல் பக்கம். நம் கடலோர வீடுகளிலிருந்து வரும் கேபினட்டுகளைத் திறந்தால் திருகாணிகளில் துரு, ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் இருக்கும். ஆன் செய்தால் படம் வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்கும். அழிரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து மறுபடி செருகினால் பல நேரம் உயிர் வந்துவிடும். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதே, முன்பக்கம் தூசி வலை உள்ள கேபினட்டாகப் பார், ஊரில் இல்லாத நாட்களில் துணியால் மூடிவிட்டுப் போ.

ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்கு. பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று சொல்வார்கள். கிராபிக்ஸ் கார்டு பழுதானால் அந்தப் பில்தான் உனக்குத் துணை. ‘இவ்வளவு பணமும் விளையாட்டுக்கா’ என்று அம்மா கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன், அதை நினைத்து நீ மனம் கலங்க வேண்டாம்.

புதிய கொட்டேஷன் வாங்கியதும் அட்வான்ஸ் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. எஸ்எம்பிஎஸ் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து அதனுடன் சேர்த்து அனுப்பு. பாகங்களைப் பெட்டி பிரிக்காமல் அறைக்குக் கொண்டுவந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்பதால் வீடியோ காலில் நான் சொல்லச் சொல்ல நீயே பூட்டிவிடலாம். பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று மட்டும் வாங்கி வை.

அன்புடன்,
அப்பா