பிப்ரவரி 2022-ன் 4.5 விழுக்காடு: நாணயக் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கும் நாணயக் கொள்கைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022 பிப்ரவரியில் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை) 4 விழுக்காட்டிலேயே நிறுத்திவைத்த குழு, 2022-23 நிதியாண்டின் சராசரிப் பணவீக்கம் 4.5 விழுக்காடாக இருக்கும் என்று கணித்தது. ஆண்டு முடிவில் அது 6.7 விழுக்காடாக நின்றது. கூட்டம் முடிந்த இரண்டே வாரத்தில் உக்ரைன் போர் மூண்டதை நான் மறக்கவில்லை. எந்தக் கணிப்பு மாதிரியும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஆனால் தவறிய 2.2 புள்ளிகளில் போரின் பங்கு எவ்வளவு, மே மாதம்வரை வட்டியை உயர்த்தாததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே பொருளாதாரத்தைத் தரவு கொண்டு அளக்கும் பொருளாதார அளவையியல் இருக்கிறது?

என் முதுகலை மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தேன். உற்பத்தி இடைவெளி (நாட்டின் உற்பத்தி அதன் இயல்பான திறனிலிருந்து விலகும் அளவு), பணவீக்கம், வட்டி விதி (இவற்றுக்கேற்ப வட்டி மாறும் முறை) என மூன்றே சமன்பாடுகள். வட்டி உயர்வு விலைகளை எட்ட இரண்டு காலாண்டுகள் போதும் என்று கொண்ட மாணவிக்குத் தாமதத்தின் பங்கு கணிசமாக வந்தது; நான்கு காலாண்டுகள் என்று கொண்டவருக்கு ஏறக்குறைய ஒன்றும் வரவில்லை. தரவு ஒன்றுதான், சமன்பாடும் ஒன்றுதான். வட்டி உயர்வு விலைகளை எட்டப் பிடிக்கும் பின்னடைவுக் காலம் மாறியதும் தீர்ப்பே மாறிவிட்டது. விலைக் குறியீட்டில் அப்போது 45.86 விழுக்காடு எடை கொண்டிருந்த உணவும் பானங்களும் வட்டிக்கு எவ்வளவு கட்டுப்படும் என்ற சிக்கலை அவர்கள் தொடவே இல்லை.

உங்கள் காலாண்டுக் கணிப்பு மாதிரியின் கட்டமைப்பு ஆய்வுக் கட்டுரைகளாக வந்திருக்கிறது என்பது உண்மையே. எனினும் ஒவ்வொரு கூட்டத்திலும் பயன்பட்ட கெழுக்களையும் (சமன்பாடுகளில் இடப்படும் எண் மதிப்புகளையும்), அன்று கையிலிருந்த தரவையும், மாதிரி தந்த எண்ணுக்கும் நீங்கள் அறிவித்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டையும் ஓராண்டு கழித்தாவது வெளியிட வேண்டுகிறேன். பின்னர் திருத்தப்பட்ட ஜிடிபி கணக்கை வைத்து அன்றைய முடிவை எடைபோடுவது, சொல்லப்போனால், உங்களுக்கே இழைக்கும் அநியாயம்.

மூன்று காலாண்டுகள் தொடர்ந்து பணவீக்கம் உச்ச வரம்பான 6 விழுக்காட்டைத் தாண்டியதால், 2022 நவம்பர் 3 அன்று கூடி, இலக்கு தவறியதை விளக்கி அரசுக்கு அனுப்பிய அறிக்கையையும் அதனுடன் வெளியிடுங்கள். வெளியிடச் சட்டத்தில் வகையில்லை என்று அன்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. வெளியிடக் கூடாது என்றும் சட்டம் சொல்லவில்லை. இலங்கையின் 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டப்படி இத்தகைய அறிக்கை நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் போயாக வேண்டும். 2024-ல் பணவீக்கம் இலக்குக்கு வெகுவாகக் கீழே சரிந்தபோது கொழும்பு அதைச் செய்தது. இலக்குக்குத் திரும்ப எவ்வளவு காலமாகும் என்ற மதிப்பீடும் உங்கள் அறிக்கையில் இருந்தாக வேண்டும். அதைப் படித்துச் சந்தை கலங்கும் நாள்கள் எப்போதோ கடந்துவிட்டன.

இப்படிக்கு,
பொருளாதார அளவையியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்