எழுதியவுடன் வரும் பாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனத்துயரை எழுதிவைத்தால் உடல்நலம் கூடும் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளதே. எனினும், அந்த ஆய்வுகளின் சங்கடமான பகுதி அதில் விடுபட்டுள்ளது. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களை உலுக்கிய நிகழ்வையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்துவந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். ஆனால், எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்களுடைய இரத்த அழுத்தம் கூடியிருந்தது, மனமும் கனத்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால், முதல் நாளே அழுகை முட்டிக்கொண்டு வரும் வாசகர், தமக்கு இது ஒத்துவராது என்று பேனாவை மூடிவிடுவார்.

1999-இல் ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 4 மாதங்களுக்குப் பின் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தவில்லை என்பது முக்கியம். 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையும், பலன் உண்டு, ஆனால் சிறிது என்றே சொல்கிறது.

இதன் தொடர்ச்சி வெளிவருமானால், எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டாம், தாங்க முடியாவிட்டால் வேறொன்றை எழுதலாம், அண்மைய இழப்பை உடனே கிளற வேண்டாம், எழுதியதைக் கிழித்தும் போடலாம் (நோட்டை ஒளித்துவைக்க இடமில்லாத வீடுகள் நம்மிடம் ஏராளம்) என்பவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மன்னார்குடி.