நெல்வயலில் டெஸ்ட் ஷூட்

கும்பகோணம்

அன்புள்ள மலர்,

எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பெரியத்தை போன வாரம் வந்தாள்; ஊர் விஷயமெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் உன் கல்யாணத்தில் வந்து நின்றாள். பதில் சொல்லும் வேலையை உனக்கே விட்டுவிட்டேன்.

மாடலிங் ஏஜென்சிக்கு அனுப்பப் படம் எடுக்கப் போகிறேன் என்றேனே, அந்த டெஸ்ட் ஷூட் முடிந்தது. நேற்று ராத்திரி படங்களும் வந்துவிட்டன. ஃபோனில் சொல்லித் தீராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கைக்காகவும் எழுத வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எடுத்தவர் திருச்சி அக்கா. யாருக்கும் யாரும் காசு தரவில்லை. கருத்த நிறத்தை வெயிலில் எடுத்த படங்கள் அவர்களுக்கு வேண்டும், ஏஜென்சிக்கு அனுப்பும் படங்கள் எனக்கு வேண்டும். முதலில் தாராசுரம் கோயில் தேர் மண்டபத்தில்தான் எடுக்க ஆசைப்பட்டோம். ஆனால் அது தொல்லியல் துறை கோயில், ட்ரைபாட் வைத்து எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதனால் அரசலாற்றுக் கரையும் சித்தப்பா வயலும்தான்.

காலையில் வீட்டிலேயே ‘டிஜிட்டல்ஸ்’ எடுத்தார்கள். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், கறுப்பு பனியன், ஜீன்ஸ், இழுத்துக் கட்டிய முடி. பவுடர்கூடக் கிடையாது. சித்திக்குப் பொறுக்கவில்லை, “பொட்டாவது வச்சுக்கடி” என்று கெஞ்சினாள். நேராக, பக்கவாட்டில், முக்கால் திருப்பி, முழு உயரம், முதுகு என்று எடுத்தார்கள். ஒப்பனையும் எடிட்டிங்கும் இல்லாமல் ஆள் எப்படி இருக்கிறாள் என்று ஏஜென்சி பார்ப்பது இவற்றில்தானாம்.

அப்புறம் வயல். மலர், இதைத்தான் உனக்குச் சொல்லணும்.

சம்பாப் பயிர் இப்போது முழங்கால் உயரம், கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அம்மாவின் திருபுவனம் பட்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். அக்கா ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். பயிரின் பச்சை மேலே அடித்து, என் தாடைக்கடியில் பச்சையாகத் தெரிந்தது. சித்தப்பாவின் கறுப்புக் குடைத் துணியை என் காலடியில் விரித்தோம், பச்சை போய்விட்டது! ஜரிகையும் வெயிலில் கண்ணைக் கூசியது, முந்தானையைச் சற்றே திருப்பிப் போட்டதும் அடங்கியது.

கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டுதான் வெளிச்சக் கணக்குப் போடுமாம். பின்னால் வானம் நிறைய இருந்தால் வானத்துக்காக உள்ளே விடும் வெளிச்சத்தைக் குறைத்து என் முகத்தைக் கரியாக்கிவிடும். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தாலோ, வெளிச்சத்தைக் கூட்டி என்னை வெளுக்க வைத்துவிடும். அக்கா வெள்ளைக் குமிழ் வைத்த ஒரு மீட்டரை என் தாடைக்குக் கீழே பிடித்து அளந்தார்கள். அது என்மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. நான் என்ன நிறம் என்பது அதற்கு வேண்டியதே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோ ஞாபகம் இருக்கா? ஸ்டூடியோவில் என்னை வெளுத்துக் கொடுத்து, பரீட்சை ஹாலில் அந்த மேடம் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்களே. நீகூடச் சிரித்தாயடி. அண்ணன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார், அண்ணிக்கு முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். அந்தக் காலத்தில் ஃபிலிமைக் கழுவி பிரிண்ட் போடும் கோடாக் லேப்களில் ‘ஷெர்லி கார்டு’ என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்குமாம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று பல பத்தாண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். நம்மை யாரும் அளவாக வைக்கவில்லை. கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போதும் அடங்கவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் நேற்று படங்களைத் திறந்தேன். நெற்றி, கழுத்து, கை எல்லாம் ஒரே நிறம், என் நிறம். கன்னத்து அம்மைத் தழும்பும் அப்படியே இருக்கிறது. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எங்கம்மா மாதிரியே இருக்கே” என்றார். அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து நீ கேட்டிருக்கிறாயா?

வேலை லேசில்லை, தெரிந்துகொள். பின்கால்மேல் எடையைப் போட்டு, தாடையை முன்னால் கொண்டுவந்து சற்றே இறக்கி, மூச்சை விட்டபடி நிற்க வேண்டும். விரல்கள் விறைக்கக் கூடாது. நம்ம டான்ஸ் டீச்சர் கையில் அடித்துச் சொன்னதெல்லாம் அங்கேதான் உதவியது.

இப்போது உன் தங்கை விஷயம். போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது ஏஜென்சியில் காட்டும் படத் தொகுப்புக்கு, எங்களிடமே எடுக்கணும், முன்பணம் கட்டு என்று அவளிடம் கேட்கிறார்கள் என்றாயே, கட்ட விடாதே. நல்ல ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்து அதில் கமிஷன் எடுக்கும். வேலைக்கு முன்னாலேயே படத்துக்கென்று காசு கேட்பவர்களுக்கு அந்தக் காசுதான் வியாபாரம்.

காசில்லாமல் எடுத்தாலும் எழுதி வாங்கணும். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுக்காமல் எடுத்த படத்துக்கு எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். ஏஜென்சிக்கு நான் அனுப்பலாம், என் இணையப் பக்கத்திலும் போடலாம், விளம்பரத்துக்கு விற்பதானால் என்னைக் கேட்டுத் தனியாகப் பேசணும், தோல் நிறத்தை மாற்றக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான். அக்கா உடனே சரி என்றார்கள்.

உன் தங்கைக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை, அவள் கையெழுத்து செல்லாது. அப்பாவோ அம்மாவோ தாளைப் படித்துப் போடணும், ஷூட்டுக்கும் கூடப் போகணும். எனக்கு சித்தி நாள் முழுக்கக் குடையோடு நின்றாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. கூட ஆள் வரக் கூடாது என்று எவராவது சொன்னால் அந்த இடத்துக்கே போக வேண்டாம் என்று சொல்லு.

படங்கள் சென்னைக்குப் போய்விட்டன, பதில் இன்னும் வரவில்லை. இந்தக் கவரில் இரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன், வரப்பில் நிற்பது உனக்கு, மற்றது உங்கள் அம்மாவுக்கு. தங்கையின் உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுது. அந்த முன்பண ஆட்கள் கொடுத்த தாளையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு, அக்காவிடம் காட்டுகிறேன்.

உன்
செல்வி