வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெண்கள், தலித்துகள், திருநர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வாழ்வைப் பேசும் நூல்களுக்கு இவ்வாண்டு முதலிடம் தர வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்திருந்தது. அத்தீர்மானம் நூல் தேர்வோடு நின்றுவிடாமல், கூட்டம் நடக்கும் நேரத்தையும் இடத்தையும்கூட மாற்றவைத்தது என்பதே இவ்வறிக்கையின் முதன்மைச் செய்தி.

தூத்துக்குடியில் இயங்கும் நாம் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலிலிருந்து தொடங்கியது பொருத்தமே. 1979இல் வெளிவந்த அந்நாவலுக்கு நம் உப்பளங்களே களம். உப்புநீர் அரித்த பாதங்களையும், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கூசும் கண்களையும் பற்றிப் பேச்சு வந்தபோது, பல ஆண்டுகள் பாத்தியில் உப்பு வாரிய உறுப்பினர் ஒருவர், “கூலி கூடியிருக்கு, ஆனா கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு பூட்ஸும் எல்லா அளத்துக்கும் இன்னும் வரல” என்றார். அன்று அதற்குமேல் எவரும் இலக்கிய நயம் பேசவில்லை.

மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றிருந்தவரை திரளாக வந்த பெண்கள், வேலை தொடங்கியதும் வராமற்போயினர். விடியுமுன் அளத்துக்குப் போகிறவர்கள் காலைக் கூட்டத்துக்கு எப்படி வர இயலும்? எனவே, ஞாயிறு காலைக் கூட்டம் மாலைக்கு மாற்றப்பட்டது.

பாமாவின் ‘கருக்கு’ (1992) பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டிருப்பது குறித்து மூத்த உறுப்பினர் சிலர் மனக்குறை தெரிவித்தனர். சில பக்கங்களை வாய்விட்டுப் படித்ததும் குறை பாதி தீர்ந்தது. மீதிப் பாதி தீரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ நூலைப் படித்த கையோடு, உறுப்பினர் படிவத்தில் ஆண், பெண் என்றிருந்த பாலினப் பகுதியில் திருநருக்கும் இடம் சேர்க்கப்பட்டது.

பார்வையற்ற உறுப்பினர் ஒருவருக்காக இரு நூல்களை ஒலிப்பதிவு செய்தோம். ராஜம் கிருஷ்ணனின் படைப்புகள் அவர் வாழ்ந்த காலத்திலேயே, 2009இல், நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் தடையேதும் இல்லை. ‘கருக்கு’ நூலைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகளுக்காக இலாப நோக்கமின்றி நூல்களை மாற்று வடிவத்தில் ஆக்கித்தர இடமளிக்கும் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் துணைநின்றது. நம்மவர்கள் மேடைநாடக பாணியில் ஏற்ற இறக்கத்தோடு படித்த முதல் பதிவைக் கேட்ட அவர், பத்திரிகை படிப்பதுபோல் இயல்பாகப் படிக்குமாறும், ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் பக்க எண்ணைச் சொல்லுமாறும் கேட்டுக்கொண்டார். அதன்படி மீண்டும் பதிவு செய்யப்பட்டது.

கூட்ட அறை மாடியில் இருந்ததால், சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. உதவி என்று நாம் எண்ணிய அச்செயல் தமக்குக் கூச்சம் தருவதாக அவர் எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே, நூலகரின் இசைவுடன் கூட்டம் தரைத்தள வாசிப்புக் கூடத்துக்கு வந்தது. வாசலில் உள்ள மூன்று படிகளுக்குச் சாய்தளம் கோரி, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சுட்டி மனு அளித்துள்ளோம், பதில் வரவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாலைக் கூட்டத்தை நிரந்தரமாக்குவது, ஒலிப்பதிவுக்கென ஒலிவாங்கி ஒன்று வாங்குவது, சாய்தளம் குறித்து நினைவூட்டு மனு அளிப்பது ஆகிய தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்