‘1989 அசல்’ என்ற பெயரில் வேறு பதிப்பைத் தந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், திருச்சிராப்பள்ளி.
(பெயர், முகவரி, கொள்முதல் எண் ஆகியவை இணைத்துள்ள விலைச்சீட்டு நகலில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
கையடக்க விளையாட்டுக் கருவிகள் விற்பனைப் பிரிவு.

பொருள்: ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டின் பதிப்புகளைத் தவறான பெயர்களில் விற்றது – கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையைத் தருமாறு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மாதம் 9-ஆம் தேதி தங்கள் இணையக் கடையில் 6,490 ரூபாய் செலுத்தி ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியை வாங்கினேன். நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அதில் இருப்பதாகத் தங்கள் விளம்பரம் சொன்னாலும், நான் அதை வாங்கியது ஒரே ஒரு வரிக்காகத்தான்: “பிரின்ஸ் ஆஃப் பெர்சியா – 1989 அசல் வடிவம், ஒரு புள்ளிகூட மாறாமல்.” என் தம்பிக்கு இந்த ஆண்டு ஐம்பது வயது நிறைகிறது. 1995-இல் நாங்கள் இருவரும் ஒரே கணினிப் பயிற்சி மையத்தில் படித்தபோது, வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியர் மனமிரங்கித் தரும் அரைமணி நேரத்தில் ஆளுக்கு ஒரு நிலையாக மாறி மாறி விளையாடியது இந்த விளையாட்டைத்தான். அதையே பிறந்தநாள் பரிசாகத் தரலாம் என்று நினைத்து வாங்கியவனுக்குக் கிடைத்தது என்ன என்பதை விவரிக்கவே இக்கடிதம்.

கருவியின் பட்டியலில் இந்த விளையாட்டு நான்கு இடங்களில் இருக்கிறது. முதலாவதாக இருப்பது ‘1989 அசல்’. அதைத் திறந்த சில நொடிகளிலேயே எனக்கு ஐயம் எழுந்தது. சுவர்களும் தூண்களும் நான் அறிந்தவை அல்ல, இசையும் வேறு. மீதமுள்ள நேரத்தைப் பார்த்தபோது 119 நிமிடம் என்று காட்டியது. அசல் விளையாட்டில், அடைபட்ட இளவரசியை இளவரசன் மீட்பதற்குக் கொடுக்கப்படும் கெடு 60 நிமிடம் என்பது அதை ஒருமுறை விளையாடியவருக்கும் மறக்காது. நீங்கள் ‘1989 அசல்’ என்று பெயரிட்டிருப்பது, சூப்பர் நின்டெண்டோ கருவிக்காக ஜப்பானில் புதிதாக உருவாக்கப்பட்டு 1992-இல் வெளிவந்த பதிப்பு. அதில் 12 நிலைகளுக்குப் பதில் 20 நிலைகள், 60 நிமிடத்துக்குப் பதில் 120 நிமிடங்கள். அது மோசமான விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பி ஆடுவோர் பலர் உண்டு, அதன் ஓவியங்களும் அழகானவை. ஆனால் அது நான் விலை கொடுத்த பொருள் அல்ல.

இதைத் தங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து வந்த பதிலில், “நீங்கள் எதிர்பார்த்ததைவிட 8 நிலைகள் கூடுதலாகவே கிடைத்திருக்கின்றன, எனவே இது குறைபாடு ஆகாது” என்று இருந்தது. கொத்துமல்லி கேட்டவருக்கு இரண்டு கட்டு கறிவேப்பிலையைத் தந்துவிட்டு, எடை கூடுதல்தானே என்று கேட்பதற்கு ஒப்பான பதில் இது. இந்தப் பதில்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் தங்கள் பிரதிநிதி சொல்வது சரியாகக்கூடத் தோன்றும். அசலில் நிலைக்குச் சராசரியாக 5 நிமிடம், 1992 பதிப்பில் 6 நிமிடம். ஒரு நிமிடம்தானே வித்தியாசம் என்று கேட்கலாம். ஆனால் அசல் விளையாட்டில் அந்த ஒரு மணி நேரம் என்பது வெறும் அலங்காரம் அல்ல. இளவரசன் எத்தனை முறை செத்தாலும் அந்த நிலையின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் போன நிமிடங்கள் திரும்பி வருவதில்லை. உயிர்களுக்குக் கணக்கில்லை, நேரத்துக்குத்தான் கணக்கு. ஒரே மூச்சில் உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடக்கூடிய, அதே சமயம் பல மாதம் பழகினாலன்றி முடிக்க முடியாத அளவு அது. அதை இரண்டு மணி நேரமாக நீட்டினால் கிடைப்பது அதே விளையாட்டின் கூடுதல் பகுதி அல்ல, வேறொரு விளையாட்டு.

நிழலுருவத்தின் கதையும் அப்படித்தான். அசலின் நான்காம் நிலையில் ஒரு கண்ணாடி வழியை மறித்து நிற்கும். ஓடி வந்து அதற்குள் பாய்ந்தால், மறுபக்கத்திலிருந்து இளவரசனைப் போலவே ஓர் உருவம் பாய்ந்து ஓடிவிடும். நமக்கு ஒரே ஓர் உயிர்ப்புள்ளி மட்டும் மிஞ்சும். ஐந்தாம் நிலையில் நாம் கைநீட்டும் முன்பே அவ்வுருவம் மருந்துப் புட்டியைக் குடித்துவிடும். ஆறாம் நிலையில் நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடி நம்மைக் கீழே விழ வைக்கும். பன்னிரண்டாம் நிலையில் அதனுடன் வாள் வீசினால் படும் அடி நமக்கே; வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால்தான் இருவரும் ஒன்றாவார்கள். இவ்வளவு பெரிய கற்பனை பிறந்ததற்குக் காரணம், அசல் முதலில் உருவான ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தில் இன்னொரு எதிரியின் படங்களை வைக்க இடம் இல்லாமல் போனதுதான். இவ்விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் இளவரசனின் படங்களையே சற்று மாற்றி எதிரியாக்கினார். 12 நிலைகளுக்குள் இறுக்கமாகக் கட்டிய இந்தக் கதையை 20 நிலைகளாக இழுக்கும்போது அந்த இறுக்கம் இருக்காது என்பது என் கருத்து. கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் 1989 என்ற எண்ணில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இனி, பட்டியலில் இரண்டாவதாக ‘மெருகேற்றிய புதிய பதிப்பு’ என்று இருப்பதைப் பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால், நான் தேடியது இதுதான். இது 1990-இல் டாஸ் என்னும் பழைய இயங்குதளம் கொண்ட கணினிகளுக்காக வந்த பதிப்பு. 90-களில் நம் ஊர்க் கணினி மையங்களில் ஃபிளாப்பியிலிருந்து ஃபிளாப்பிக்குத் தாவி வந்த அதே வெள்ளை உடை இளவரசன். அசலுக்கு ‘புதிய பதிப்பு’ என்றும், மறு ஆக்கத்துக்கு ‘அசல்’ என்றும் பெயர் சூட்டியவர் இரண்டில் ஒன்றையாவது ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது. சரி, பெயர்தானே மாறியிருக்கிறது, ஆடிவிட்டுப் போவோம் என்று பொறுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன். ஆனால் இதை ஆட முடியவில்லை.

முதல் நிலையை முடித்ததும், தரையெங்கும் மருந்துப் புட்டிகள் அடுக்கிய ஓர் அறை வருகிறது. ஒவ்வொரு புட்டிக்கும் மேலே ஓர் எழுத்து. கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதல் எழுத்துக்குரிய புட்டியைக் குடி என்று திரை சொல்கிறது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காக அக்காலத்தில் வைத்த பூட்டு இது. தவறான புட்டியைக் குடித்தால் உயிர் குறையும். எங்கள் பயிற்சி மையத்தில் எழுத்துகளையெல்லாம் யாரோ கையால் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார்கள். நீங்கள் தந்திருப்பதோ நான்கு பக்கக் கையேடு. அதன் மூன்றாம் பக்கத்தில் இருப்பது, கருவியை இரவு முழுவதும் சார்ஜில் விடாதீர்கள் என்ற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையின் சொற்களையும் எண்ணிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இளவரசன் செத்துப் போனான்.

குத்துமதிப்பாகப் புட்டிகளைக் குடித்து, பல முறை முயன்று, ஒருவழியாக அந்த அறையைத் தாண்டினேன். அடுத்த சிக்கல் இன்னும் அடிப்படையானது. கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திசை விசையைத் தட்டினால் இளவரசன் ஓடாமல் ஓரடி மட்டும் எடுத்து வைப்பான். பள்ளத்தின் விளிம்பு வரை போய் நிற்பதும், தரையிலிருந்து எழும் முட்களுக்கு நடுவே காயமின்றிக் கடப்பதும் இந்த அடியால்தான். தங்கள் கருவியில் ஷிஃப்டுக்கென ஒதுக்கிய பொத்தானைத் தனியே அழுத்தினால் வாளை எடுக்கிறான், மருந்தைக் குடிக்கிறான். திசைப் பொத்தானோடு சேர்த்து அழுத்தினாலோ நேராக ஓடிப்போய் முள்ளில் விழுகிறான். பதினோரு முறை முயன்று பார்த்து, அதைக் காணொளியாகவும் எடுத்து இணைத்திருக்கிறேன். மேலும், 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட அந்தப் படம் அகலத்தில் நான்கு பங்கு, உயரத்தில் மூன்று பங்கு இருந்த பழைய திரைகளுக்காக வரையப்பட்டது. அதைத் தங்கள் அகலத் திரை முழுவதற்கும் இழுத்து நிரப்பியிருப்பதால், ஒல்லியாக இருந்த இளவரசன் பருத்துத் தெரிகிறான். எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்று கண் கணக்கிட்டு வைத்திருந்ததெல்லாம் பிசகிவிடுகிறது.

இந்தக் குறையை எழுதியதற்குத் தங்கள் இரண்டாவது பதில், “பழைய பதிப்பில் பொத்தான் தாமதமாக வேலை செய்யும் கோளாறு உண்டு, அதைத் தவிர்க்க மூன்றாவது பதிப்பை ஆடவும்” என்று அறிவுரை கூறியது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது அவசியம். ஓடும் இளவரசன் நினைத்தவுடன் நிற்காமல் இரண்டடி சறுக்கி நிற்பது கோளாறு அல்ல. மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் ஏறவும் வைத்து, அதைக் காணொளியாக எடுத்து, ஒவ்வொரு படமாக நகலெடுத்துத்தான் இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். ஓடுகிற மனிதன் எப்படிச் சட்டென்று நிற்க முடியாதோ, அப்படியே இவனும் நிற்க முடியாது. அந்த எடைதான் இந்த விளையாட்டை அக்காலத்து மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரித்துக் காட்டியது. நான் புகார் சொன்னது அதைப் பற்றி அல்ல, வேலை செய்யாத ஒரு பொத்தான் சேர்க்கையைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பதில் எழுதுவது, புகாரைப் படிக்காமல் எழுதியதாகவே தோன்றுகிறது.

அறிவுரைப்படி மூன்றாவதையும் திறந்தேன். அதன் பெயர் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம் 2003’. உள்ளே இருப்பது 2007-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘கிளாசிக்’ என்னும் மறு ஆக்கம். 2003 விளையாட்டின் சாயலில் அரண்மனையை வரைந்திருப்பதால் பெயர் சூட்டியவர் ஏமாந்திருக்கலாம். ஆனால் 2003-இல் வந்தது முப்பரிமாண விளையாட்டு; அதில் குறுவாளின் மணலால் நேரத்தைப் பின்னோக்கித் திருப்ப முடியும், தவறிய தாவலை மறுபடி தாவலாம். 2007-இல் வந்தது அசலின் அதே நிலைகளைப் பக்கவாட்டுக் காட்சியாகவே வைத்துக்கொண்டு அசைவுகளை வழவழப்பாக்கியது; நேரத்தைத் திருப்பும் வசதி அதில் கிடையாது. உண்மையைச் சொன்னால், நான்கில் இதுவே குறையின்றி ஓடுகிறது, மறு ஆக்கங்களில் அசலுக்கு மரியாதை செய்ததும் இதுதான். சரியான பெயரில் விற்றிருந்தால் பாராட்டியே எழுதியிருப்பேன். நான்காவதான கேம்பாய் பதிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது ஒன்றுக்குத்தான் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கறாராகப் பார்த்தால் ‘1989 அசல்’ என்பது ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது மட்டுமே. டாஸ் பதிப்பு அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. இரண்டின் நிலைகளும் கெடுவும் ஒன்றே என்பதால் இரண்டில் எதைத் தந்திருந்தாலும் நான் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டேன். ஓராண்டு வித்தியாசத்துக்காக வழக்காடும் ஆள் அல்ல நான். இவ்விளையாட்டுகளை விற்க உரியவர்களிடம் தாங்கள் அனுமதி பெற்றிருக்கிறீர்களா என்பதையும் அறிய விரும்புகிறேன். மெக்னர் 2012-இல் ஆப்பிள் 2 பதிப்பின் மூலநிரலை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைத்தார் என்பது உண்மைதான். படிக்கத் தந்ததும் விற்கத் தந்ததும் ஒன்றல்ல.

ஆகவே, கருவியைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு 6,490 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாகப் புட்டி அறைக்கான எழுத்துப் பட்டியல், சரியாக வேலை செய்யும் ஓரடி நடை, இழுக்கப்படாத திரை ஆகியவற்றோடு டாஸ் பதிப்பைச் சீர்செய்து தர முடியுமானால், அதை ஏற்கவும் தயாராக இருக்கிறேன். தம்பியின் பிறந்தநாள் அடுத்த மாதம் 21-ஆம் தேதி. பரிசுக் கூப்பன், கடைப் புள்ளிகள் போன்றவை வேண்டாம். மேலும், ‘1989 அசல்’ என்ற விளம்பர வரி இதை எழுதும் இன்றுவரை தங்கள் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். பொருளைத் தவறாக விவரிக்கும் விளம்பரம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரைப் பெற்றதற்கான ஒப்புகையை 48 மணி நேரத்துக்குள்ளும், தீர்வை ஒரு மாதத்துக்குள்ளும் குறைதீர் அலுவலர் தர வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

விலைச்சீட்டின் நகல், விளம்பரப் பக்கத்தின் படம், நான்கு பதிப்புகளின் தொடக்கத் திரைகளின் படங்கள், முள் குழிக் காணொளி, தங்கள் இரு பதில்களின் நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கருவி அதன் பெட்டியிலேயே, சார்ஜரும் அந்த நான்கு பக்கக் கையேடும் உட்பட, கட்டி வைக்கப்பட்டுள்ளது. எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.