எம்.ஏ. பொது நிர்வாகம் சேர நினைப்பவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. அரசுப் பணியில் இருந்தபடியே முதுகலை படிக்கலாமா என்று பலர் தனித்தனியாகக் கேட்பதால் பொதுவாகவே போடுகிறேன்.

இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. பொது நிர்வாகத்தில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். குறைந்தது 2 ஆண்டு. வேலைப்பளு இருந்தால் 4 ஆண்டு வரை இழுக்கலாம். ஜனவரி, ஜூலை என இருமுறை சேர்க்கை. தமிழ்வழி இல்லை. பாடநூல்கள் இக்னோவின் மின்நூலகமான ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசம். பணம் கட்டும் முன் நிர்வாகக் கோட்பாடுகள் பாடத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தலைமைத்துவம், முடிவெடுத்தல், ஊழியர் ஊக்கம் எல்லாம் அதில்தான். நாளை ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்பவருக்கு அதுதான் உயிர்ப்பகுதி என்பேன். யுபிஎஸ்சி மெயின்ஸில் (குடிமைப் பணி முதன்மைத் தேர்வு) பொது நிர்வாகத்தை விருப்பப்பாடமாக (இரு தாள், 500 மதிப்பெண்) எடுப்பவர்களுக்கும் முதல் தாளில் இவை வரும்.

ஒப்படைப்புகளுக்கு (எழுதித் தரும் அசைன்மென்ட்) மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம். அசட்டையாக விடாதீர்கள், பலர் கோட்டைவிடுவது அங்கேதான்!

பணியில் இருப்போர் சேரும் முன்பே துறை அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடைசித் தேதியை இக்னோ இணையதளத்தில் மட்டும் பாருங்கள், ஃபார்வர்டு செய்திகளை நம்ப வேண்டாம். சந்தேகங்களை இங்கேயே கேளுங்கள்.

– அட்மின்