செயலாளர் ஆண்டறிக்கை: பயணத்துணைப் பணி

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள், குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறையாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியது பயணத்தைப் பற்றித்தான் என்பதால் நேரே அதற்கு வருகிறேன்.

மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற மனநோய் உள்ள நம் உறுப்பினர்களை டாக்டரிடம் கூட்டிப்போக எப்படியோ ஆள் கிடைத்துவிடுகிறது. மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்து தொடங்கியவருக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்றால் வீடே கிளம்பும். அதே உறுப்பினர் ஞாயிறு மாலை நண்பரைப் பார்க்கப் போகக் கேட்டால், "இப்போ எதுக்கு?" என்கிறோம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் மார்க் சால்சர் குழுவினர் உருவாக்கிய கேள்வித்தாள், கடந்த 30 நாட்களில் ஒருவர் எதிலெல்லாம் கலந்துகொண்டார் என்பதோடு நிற்பதில்லை. அது அவருக்கு முக்கியமா, போதுமா என்றும் கேட்கிறது. நாமும் அப்படிக் கேட்டோம். வீட்டார் எதிர்பார்த்த பதில்கள் வரவில்லை. நூலகம், சதுரங்கம், வழிபாடு, சும்மா ஒரு சுற்று என்று ஆசைகள் நிறைய இருந்தன.

தடை, பயணச் செலவு மட்டுமல்ல. இரவு மருந்தின் மயக்கம் காலை பஸ்ஸைத் தவறவிடுகிறது. இருமுனையப் பிறழ்வுக்கு லித்தியம் மருந்து எடுப்பவருக்குத் தாகமும் அடிக்கடி சிறுநீரும். கழிப்பறை இல்லாத நீண்ட பயணம் என்றாலே பயம். சில மருந்துகளால் கால் பரபரத்து ஓரிடத்தில் உட்கார முடியாது. பின்னிருக்கையில் யாரோ சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று பாதி வழியில் இறங்கியவரும் உண்டு. இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று சொல்வது எளிது.

துணைப்பயணத்தில் முதலில் தொண்டர் பக்கத்தில் உட்காருவார், பழகியதும் வேறு இருக்கைக்கு மாறுவார், அப்புறம் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் காத்திருப்பார். அவசரப்பட்டு விலகினால் ஆகாது; விலகாமலே இருந்தால் அதுவும் ஒரு காவல்தான். வழித்தடம் மாறியபோது சிலர் மீண்டும் வீட்டோடு முடங்கினார்கள். அவர்களுக்கு முதலிலிருந்து தொடங்கினோம்.

கட்டணச் சலுகை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் வரையறையில் மனநலப் பாதிப்பும் அடங்கும், 20ஆம் பிரிவு கட்டுப்படியாகும் செலவில் நடமாடும் வசதியைக் கேட்கிறது என்று அதில் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டில் நம் கூட்டங்கள் காலையில் வேண்டாம், பிற்பகலில் தொடங்கி கடைசி பஸ்ஸுக்கு முன் முடியட்டும் என்று முன்மொழிகிறேன். மாலைகளுக்கும் ஞாயிறுகளுக்கும் தொண்டர்கள் போதவில்லை; முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்